ஊரில் மனைவி இருந்தாள்

ஒரு கதை ‘நான்’ என்று ஆரம்பித்தால், அந்த நான் யார் என்று நினைப்பீர்கள்? எழுதியவன் என்றுதானே? சலவைக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவனின் மனைவியும் அப்படித்தான் நினைத்தாள்.

ஊரை விட்டு வெகுதூரத்தில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவனுக்கு வேலை. இயந்திரம் துவைத்துத் துப்பும் படுக்கை விரிப்புகளைச் சூடு ஆறுவதற்குள் மடிக்க வேண்டும். மடித்த நேரம் போக மிச்சமிருந்த நேரத்தில் கதை எழுதினான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய பத்திரிகைகளில் வந்த கதைகளைக் கரு, களம், பாத்திரம், முடிச்சு என்று தானே பிரித்துப் பார்த்துப் பழகினான். கூடத் தங்கியிருந்த சமையல்காரரும் ஓட்டுநரும் அவனை ரைட்டர் என்று கூப்பிட்டார்கள். “நீ பாத்திரம் படைக்கிற, நான் பாத்திரம் கழுவறேன்,” என்பார் சமையல்காரர்.

முதல் கதை அச்சில் வந்தது. ஊரில் மனைவியை விட்டுவிட்டு வந்த ஒருவன் சாயங்காலங்களில் பக்கத்து வீட்டுத் தையல்காரியோடு உட்கார்ந்து பேசுகிறான். அவ்வளவுதான் கதை. பெருமையாக இருக்கட்டும் என்று அவன் மனைவியின் அண்ணன் அந்தப் பத்திரிகையை வாங்கிக்கொண்டு போய் அவளிடம் கொடுத்தார். அன்றிலிருந்து அவள் போனை எடுக்கவில்லை.

அவள் அவனிடம் வந்து சேரவேண்டிய சமயம் அது. அவன் ஊரை விட்டு வந்து நான்கு வருடம் கழித்து டிக்கெட் எடுத்திருந்தார்கள். இரண்டு பேருக்கென்று அவன் தனியாக ஓர் அறை பார்த்துச் சாவியும் வாங்கிவிட்டான். மறுநாள் காலை விமானம் வந்து இறங்கும். முந்தின நாள் மத்தியானம்தான் அவள் போனை எடுத்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது.

“அது கதைம்மா,” என்றான். “தன்மையில எழுதியிருக்கேன். ஸ்கூல்ல படிச்சிருப்பியே, தன்மை, முன்னிலை, படர்க்கைன்னு. நான்னு வந்தா தன்மை.”

“அதான் உங்க தன்மை ஊருக்கே தெரிஞ்சுபோச்சே.”

ஓட்டுநர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார். சமையல்காரர் போனைப் பிடுங்கினார்.

“தங்கச்சி, நான் இவன்கூட ரூம்ல இருக்கிற சமையல்காரன். பக்கத்து வீட்டுல தையல்காரியே கிடையாதும்மா. இவன் வேலை பாக்குற இடத்துல கிழிஞ்ச துணி தைக்க ஒருத்தர் இருக்காரு. அவரத்தான் பொம்பளையா மாத்திட்டான். இத்தாம்பெரிய மீசை அவருக்கு.”

“அப்போ கட்டைவிரல்ல ஊசி குத்தின தழும்பு?”

“மீசைக்காரரோடதுதான்.”

“நூலைப் பல்லால கடிக்கும்போது கண்ண மூடிக்கிறது?”

“அதுவும் அவரேதாம்மா.”

மறுமுனையில் அவள் சிரித்துவிட்டாள். சமையல்காரர் போனைத் திருப்பிக் கொடுத்தார். “முடிச்சு அவுந்துடுச்சு ரைட்டரே. பேசு.”

“மீசைக்காரருக்கு மூணு பக்கம்,” என்றாள் அவள். “பொண்டாட்டிக்கு?”

“என்ன பொண்டாட்டிக்கு?”

“‘ஊரில் மனைவி இருந்தாள்.’ அவ்வளவுதான் இருக்கு. திருப்பித் திருப்பிப் பாத்துட்டேன். அந்த ஒரு வரிதான்.”

“அவ துணைப்பாத்திரம்மா. அவளப் பத்தி ரொம்ப எழுதினா கதை இழுத்துடும்.”

“ஓஹோ. துணைவி துணைப்பாத்திரம் ஆயிட்டாளா?”

அவன் ஒருமை, கச்சிதம் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் குறுக்கிட்டாள். குரலில் இப்போது கோபம் இல்லை.

“சரி, விடுங்க. இப்ப என்னை வெச்சு ஒரு கதை எழுதறதா இருந்தா என்ன எழுதுவீங்க? அவர் கைய எழுதியிருக்கீங்கல்ல, என் கை எப்படி இருக்கும்? சொல்லுங்க, கேக்கறேன்.”

அவன் சுவரைப் பார்த்தான். ஆணியில் ஓட்டுநரின் சட்டை தொங்கியது. இத்தனை வருடமும் போனில் அவன் பார்த்தது முகம் மட்டும்தான். அதற்கு முன்னால் பார்த்ததை நினைத்துப் பார்த்தான். ஒரு கை ஞாபகத்துக்கு வந்தது.

“வலது மணிக்கட்டுல மச்சம் இருக்கும்,” என்றான். “கொஞ்சம் பெருசா.”



“அது என் தங்கச்சிக்கு,” என்றாள்.

ஓட்டுநர் எழுந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போனார். சமையல்காரர் ஏற்கெனவே நறுக்கி முடித்த வெங்காயத்தை மறுபடியும் நறுக்கினார்.

“நீ வந்துடு. நேர்ல பாத்தா எல்லாத்தையும் எழுதிடுவேன்,” என்றான்.

“எழுதறதுக்கா வரணும்?”

“அப்படி இல்லம்மா. பெட்டி கட்டிட்டியா?”

“கட்டியாச்சு,” என்று வைத்துவிட்டாள்.

கட்டியாச்சு என்றால் வருகிறாள் என்றுதான் அர்த்தம் என்றார் சமையல்காரர். அவனும் அப்படியே எடுத்துக்கொண்டான். சாயங்காலம் புது அறையைப் பெருக்கினான். கட்டிலில் விரிப்பைப் போட்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குச் செய்வதுபோல நான்கு மூலையையும் மடித்துச் செருகினான்.

மறுநாள் காலை விமானம் சரியான நேரத்துக்கு வந்து இறங்கியது. அவள் அதில் வரவில்லை.