மூன்றாவது பாட்டில்

அன்று காலை மோட்டார் கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். போர்வெல் வேலை செய்கிறவர், கையில் மூன்று ரிப்போர்ட்டுகளோடு. வீட்டுப் பெரியவர், கையைக் கட்டிக்கொண்டு. அவருடைய மகன், எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல். மகனின் மனைவி, ஆஸ்பத்திரியிலிருந்து துணி மாற்ற வந்தவள், இன்னும் மாற்றாதவள். நான்கு வயதுப் பாப்பா இல்லை. அவள் தன் பெரியம்மாவின் காவலில், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருந்தாள்.

இது இரண்டாவது தடவை. முதல் தடவை பாப்பாவுக்கு ரத்தமாகப் போனபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?" என்பதுதான். வீடு தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. ஊர்க்குழாய் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. சொந்த போர், சொந்த மோட்டார், சொந்த டேங்க். தண்ணீரைச் சோதித்ததில் சாக்கடைக் கிருமி இருந்தது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து போருக்குள் ஊற்றி, ஒரு நாள் ஊறவிட்டு, இறைத்துக் கொட்டினார்கள். மறுபடி சோதித்தார்கள், மறுபடி கிருமி. மறுபடி பவுடர். மூன்றாவது ரிப்போர்ட்டில் கிருமி பூஜ்யம். அன்றே, அதுவரை விலைக்கு வாங்கிய கேன் தண்ணீரை நிறுத்திவிட்டுப் பாப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். பதினோராம் நாள் மறுபடி ரத்தம். இந்த முறை சிறுநீரகமும் படுத்துவிட்டது.

போர்க்காரரை ஊரில் பாதாளம் என்பார்கள். இருபது வருஷமாகக் குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்ததில் நேராக மனிதர் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் அவருக்குப் போய்விட்டது. ரிப்போர்ட்டுகளை மோட்டார் பெட்டி மேல் பரப்பி, விரலை ஒரே வரியில் ஓட்டினார்.

"கிருமியை விடுங்க. உப்பைப் பாருங்க. முதல் ரிப்போர்ட்ல எண்ணூத்தி எழுபது. ரெண்டாவதுல தொள்ளாயிரத்தி சொச்சம். மூணாவதுல எவ்வளவு தம்பி? படி."

மகன் படித்தான். "முப்பத்தெட்டு."

"பவுடர் கிருமியைக் கொல்லும். உப்பைக் கொல்லாது. முப்பத்தெட்டு உப்போட இந்தப் பூமிக்கு அடியில தண்ணியே கிடையாது. கேன்லதான் இருக்கு." அவர் மோட்டாரைப் பார்த்தே கேட்டார். "மூணாவது பாட்டில்ல தண்ணி பிடிச்சது யாரு?"

மகனுக்கு அன்று வேலைக்கு நேரமாகிவிட்டது. பாட்டிலை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். லேபில் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவர்தான்.

"நான்தான்," என்றார் பெரியவர். கையைக் கட்டியது கட்டியபடியே இருந்தது. "அடுப்படியில இருந்த கேன்ல பிடிச்சேன். அதுக்கு என்ன இப்போ? அறுபது வருஷமா இந்தத் தோட்டத்துத் தண்ணியைத்தான் குடிக்கிறேன். கல்லு மாதிரி இருக்கேன். லேப்காரன் ஏதோ சொல்றான்னு குழந்தையை எத்தனை நாளைக்கு ஆஸ்பத்திரியிலயே போட்டு வைப்பீங்க? வீட்டுக்கு வரட்டுமேன்னுதான் செஞ்சேன்."

மருமகள் பக்கத்திலிருந்த குழாய் ஸ்பேனரை எடுத்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் மகன் நினைத்தான். அவள் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"மாமா, அவ வந்த அன்னிக்கு நீங்கதானே டம்ளர்ல ஊத்திக் கொடுத்தீங்க," என்றாள். "நம்ம வீட்டுத் தண்ணி குடிடா கண்ணுன்னு."

பெரியவர் முகத்தில் அப்போதுதான் ஈயாடவில்லை.

பாதாளம் தொண்டையைச் செருமினார். "அது உங்க குடும்பப் பஞ்சாயத்து. எனக்கு வேற கவலை. ரெண்டு தடவை பவுடர் போட்டிருக்கேன். அப்பவும் கிருமி வருதுன்னா எங்கிருந்தோ இறங்கிக்கிட்டே இருக்குன்னு அர்த்தம். தம்பி, மூணாவது தடவையா கேக்கறேன். பக்கத்துல கழிவுக்குழி, பழைய கிணறு, ஏதாவது உண்டா?"

இரண்டு முறை கேட்டபோதும் மகன், "கக்கூஸ் தொட்டி தோட்டத்துக் கடைசியில இருக்குண்ணே" என்றுதான் சொல்லியிருந்தான். தோட்டத்துக் கடைசியில் தொட்டி கிடையாது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கக்கூஸ் கட்டியபோது குழி தோண்டினார்கள். மூன்றடியில் பாறை. அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு, இருபது தப்படி தள்ளி வறண்டு கிடந்த பழைய கிணற்றைக் காட்டினார். சும்மா கிடக்கிற பள்ளம்தானே என்றார். குழாய்க்குப் பசை தடவி ஒட்டியவன் மகன்தான். கிணற்றுக்கு மேல் பலகைக்கல், அதற்கு மேல் கோழிக்கூடு. பெண் வீட்டார் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தபோது அப்பா தொட்டி என்றார், அவன் தலையாட்டினான். ஒருமுறை ஆட்டிய தலையை அப்புறம் வேறு பக்கம் ஆட்ட வசதிப்படவில்லை. கிணற்றுக்கும் போருக்கும் நடுவில் பாறை இருக்கிறதே, எப்படி இறங்கும் என்று தனக்குத்தானே பூசி மெழுகிக்கொண்டான்.

"கோழிக்கூட்டுக்கு அடியில," என்றான் இப்போது. "பழைய கிணறு. கக்கூஸ் குழாய் அதுக்குள்ளதான் போகுது."

மனைவி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். முன்பின் தெரியாத ஆளை வழியில் பார்ப்பது போல் பார்த்தாள். பிறகு வீட்டுக்குள் போய் இரண்டு பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பெரியவர் மட்டும் விடவில்லை. "நடுவுல பாறைடா. இரும்பு மாதிரி பாறை."

"பாறைன்னா பிளவு இருக்கும் பெரியவரே," என்றார் பாதாளம். கக்கூஸில் ஒரு பொட்டலம் பச்சைச் சாயத்தைக் கொட்டி, பத்து வாளி தண்ணீர் ஊற்றச் சொன்னார். மறுநாள் மத்தியானம் போர் தண்ணீரை டம்ளரில் பிடித்து வெயிலில் காட்டினார். இளம்பச்சை. வீம்புக்கு அப்பா அதையும் குடித்துவிடுவாரோ என்று மகன் பயந்தான். அவர் டம்ளரை வாங்கிப் பார்த்தார். கீழே வைத்தார். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் அவர் தண்ணீரைப் பற்றி வாய் திறக்கவில்லை.

வேலை இரண்டு மாதம் நடந்தது. கோழிக்கூட்டைப் பிரித்துப் பலகைக்கல்லை நகர்த்தியபோது கிளம்பிய நாற்றத்தில், கூலிக்கு வந்த ஆள் வேலையே வேண்டாம் என்று போய்விட்டான். மகனே மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நின்றான். லாரி மூன்று முறை வந்து உறிஞ்சியது. சுண்ணாம்பு கொட்டி, களிமண்ணால் கிணற்றை மேல்வரை மூடினார்கள். தான் ஒட்டிய குழாயை மகனே தோண்டி எடுத்தான். பசை இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது. தோட்டத்துப் பள்ளமான கடைசியில், பாறையை உடைத்து, பொய்யாகச் சொன்ன அதே இடத்தில் நிஜமான தொட்டி கட்டினார்கள். போருக்குள் புதுக் குழாய் இறக்கி, சுற்றிலும் சிமென்ட் பால் ஊற்றி மேல்மட்டப் பிளவுகளை அடைத்தார் பாதாளம். பழைய அழுக்குத் தீரட்டும் என்று மூன்று வாரம் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு பவுடர், டேங்கைத் தேய்த்துக் கழுவுவது, எல்லாக் குழாயிலும் வாசனை போகும்வரை தண்ணீர் விடுவது.

சாம்பிளை இந்த முறை பாதாளமே எடுத்தார். குழாய் வாயை நெருப்பில் வாட்டி, ஐந்து நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்தார்.

"நான் கொண்டு போகட்டுமாண்ணே?" என்றான் மகன்.

"வேணாம் தம்பி. உங்க குடும்பம் பாட்டில் தூக்கினது போதும்."

வாரம் ஒன்று விட்டு இரண்டு சாம்பிள். இரண்டிலும் கிருமி பூஜ்யம்.

மனைவி ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் ஒரு அறை எடுத்திருந்தாள். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், மருந்து வைக்க ஒரு ஸ்டூல். பாப்பாவுக்கு மெஷின் வைப்பது நின்றிருந்தது. சிறுநீரகம் பாதிக்கும் குறைவாகத்தான் வேலை செய்கிறது, இனி அப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கன்னம் மருந்தில் உப்பியிருந்தது. கட்டிலில் சுருண்டு கிடந்தவள் அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள், எழுந்திருக்கவில்லை.

அவன் ரிப்போர்ட்டை நீட்டினான். கூடவே வீட்டுக் குழாயில் பிடித்துக் கொண்டுவந்த ஒரு பாட்டில் தண்ணீரையும் ஸ்டூலில் வைத்தான். அவள் முதலில் உப்பைத்தான் பார்த்தாள். எண்ணூற்று எண்பத்து நான்கு. அப்புறம்தான் கிருமி வரிக்குப் போனாள்.

"சரியாத்தான் இருக்கு," என்றாள்.

"பாதாளம் அண்ணனே எடுத்தாரு. நான் தொடவே இல்ல. இனி வீட்டுக்கு வரலாம் இல்ல?"

"ரெண்டு தடவை கேட்டாரு, என் கண் முன்னாடி. ரெண்டு தடவையும் தொட்டி இருக்குன்னீங்க. மாமாவுக்காவது தண்ணி நல்ல தண்ணின்னு நம்பிக்கை இருந்துச்சு. உங்களுக்குத் தெரியும்."

"நடுவுல பாறை இருக்குன்னு நினைச்சேன்."

"நினைச்சீங்க."

"அம்மா, தண்ணி," என்றாள் பாப்பா.

அவன் கை பாட்டிலின் மூடிக்குப் போனது. மனைவி எழுந்து, ஸ்டவ்வின் மேல் ஆறிக்கொண்டிருந்த பாத்திரத்திலிருந்து ஒரு டம்ளர் ஊற்றினாள். அளவு பார்த்து, பாதியைத் திரும்பப் பாத்திரத்திலேயே கொட்டினாள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் கணக்குக் கொடுத்திருந்தார். பாப்பா அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்து, காலி டம்ளரை எட்டிப் பார்த்தாள்.

"ரிப்போர்ட் இங்க இருக்கட்டும்," என்றாள் மனைவி. பாட்டிலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "இதைக் கொண்டு போங்க."

"நாளைக்கு வரட்டுமா?"

"அவளைப் பார்க்க வாங்க. சாயங்காலமா."

அவன் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வந்தான். மாடிப்படியில் முதல் படி இறங்குவதற்குள் முதுகுக்குப் பின்னால் கதவு மூடிக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அதன் பிறகு, தேவையே இல்லாமல், சாவியும் இரண்டு சுற்றுச் சுற்றியது.