மீன்களுக்குப் போன உயரம்

"என் தங்கச்சியோட உயரத்தைத் திருப்பிக் குடுங்க" என்று மூத்தவள் மீன்பண்ணை முதலாளியிடம் கேட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்காதே என்று அம்மா பல வருஷமாகச் சொல்லி வைத்திருந்தாள். முதலாளி தீவன மூட்டையின் விலையைப் பேசிக்கொண்டிருந்த போனைக் கீழே வைத்தார். "எந்த மீனுல இருக்குன்னு காட்டும்மா, புடிச்சுத் தரச் சொல்றேன்" என்றார். பக்கத்தில் நின்ற பண்ணை வலைக்காரர் சிரித்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

விஷயம் பண்ணையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குஞ்சுத் தொட்டிகளுக்குத் தீவனம் போடுவது அம்மாவின் வேலை. அவளுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள், எட்டு வயதான இளையவள் அவளுக்குப் பதிலாகப் போய்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து கையைத் தண்ணீரில் விட்டாள். வழக்கமாகத் தீவனத் தூள் விழுந்ததும் பெரிய குஞ்சுகள் முண்டியடித்துத் தின்னும், சின்னவை மூலையில் ஒதுங்கிக் காயும். பசி முற்றினால் பெரியது சின்னதை வாலிலிருந்து விழுங்கும். அன்று எல்லாம் ஒன்றாக மேலே வந்து, அவள் விரல்களைச் சுற்றிச் சண்டையில்லாமல் தின்றன. அதிலிருந்து தினமும் அவளையே உட்கார வைத்தார்கள். வாரக் கடைசியில் அளவு பிரிக்கச் சல்லடையில் போட்டால் ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. எல்லாம் ஒரே நீளம், ஒரே கொழுப்பு. அந்த வாரத்தோடு இளையவளின் வளர்த்தி நின்றது. டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், நன்றாகச் சாப்பிடச் சொன்னார். அவள் நன்றாகத்தான் சாப்பிட்டாள். சாப்பிட்டது எங்கே போகிறது என்று தெரிந்ததால் அம்மா அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. பண்ணை பெருத்தது. தொட்டிகளுக்குப் பின்னால் குடும்பத்துக்கு ஒரு வீடு கிடைத்தது, மின்விசிறியோடு. வேலையாட்கள் இளையவளைப் பொடிசு என்று கூப்பிட்டார்கள். மூத்தவள் கல்லூரிக்குப் போனாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் அவள்தான்.

அவள் எடுத்தது மீன் வளர்ப்பு. முதல் விடுமுறைக்கு வந்தபோது வலைக்காரர், "மேடம் வந்தாச்சு, மீனெல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே முதலாளி முன்னால் போய் நின்று, குஞ்சுக்கு வயிறு சின்னது, மூன்று வேளை மொத்தமாகக் கொட்டுவது தப்பு, மணிக்கொரு தரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால்தான் வளரும் என்று படித்ததை ஒப்பித்தாள். படித்தது சரிதான். முதலாளி மறுநாளே அதை அமல்படுத்தினார். பொடிசு விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தொட்டியை விட்டு இறங்கவில்லை. நின்றிருந்த உயரம் அதன்பிறகு குறைய ஆரம்பித்தது. அடுத்த விடுமுறைகளில் மூத்தவள் ஆய்வுக்கூடத்தில் வேலை என்று ஊருக்கே வரவில்லை; தங்கைக்குச் சட்டை மட்டும் அனுப்பினாள். "உனக்கு அளவே தெரியலடி, எல்லாம் தொளதொளன்னு இருக்கு" என்று அம்மா போனில் சொல்லிவிட்டு, உள்ளே மடித்து மடித்துத் தைத்தாள். படிக்கிற பிள்ளையின் மனசைக் கெடுப்பானேன் என்று நினைத்தாள். பட்டம் வாங்கி மூத்தவள் வீட்டுக்கு வந்தபோது, பதினெட்டு வயதுத் தங்கை கதவின் கீழ்த் தாழ்ப்பாளுக்கு எட்டாமல் உள்ளிருந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

மூத்தவள் அழுது முடித்து, தங்கையின் கை இல்லாமலே குஞ்சுகளைத் தின்ன வைக்கும் வேலையில் இறங்கினாள். தூளை இன்னும் மென்மையாக அரைத்தாள், தொட்டி முழுக்கத் தூவினாள், தண்ணீரை வெதுவெதுப்பாக்கினாள், பெரிசையும் சின்னதையும் பிரித்து விட்டாள். குஞ்சுகள் கூழாங்கல்போல அடியில் கிடந்தன. தன் கையையும் விட்டுப் பார்த்தாள். ஒன்றும் அதை மதிக்கவில்லை. அதன் பிறகுதான் முதலாளியிடம் போய்த் தங்கையின் உயரத்தைக் கேட்டாள்.

சிரிப்பு அடங்கியதும் முதலாளி மெதுவாகத்தான் பேசினார். "நான் என்னம்மா பண்ணுவேன்? மணிக்கொரு தரம்னு சொன்னது நீதானே?"

அம்மா மூத்தவளின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "போதும், வாயை மூடிட்டு வா." அவள் கையை உதறிக்கொண்டு தங்கை உட்கார்ந்திருந்த தொட்டிக்கு நடந்தாள். அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"பாப்பா, வா, போயிடலாம்" என்றாள் மூத்தவள்.

"குஞ்சுங்க?" என்றாள் தங்கை.

"திங்காது. சாகும்."

"எல்லாமா?"

"சின்னதைத் தின்னுட்டுப் பெரிசு கொஞ்சம் பொழைக்கும்."

தங்கை யோசித்தாள். "வந்தா நான் மறுபடி வளருவேனாக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிட மூத்தவளுக்கு வாய்வரை வந்தது. "இல்லைன்னுதான் நினைக்கிறேன்."

"அப்புறம் எதுக்கு வரணும்?"

"மிச்சம் இருக்கிறதாவது இருக்கட்டும்டி."

தங்கை தண்ணீரிலிருந்து கையை எடுத்தாள், பாவாடையில் துடைத்தாள், தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டினாள். மூத்தவள் அவளை இடுப்பில் வைத்தாள். கனமே இல்லை. குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக அடியில் இறங்கின.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவாங்கடி. நான் எங்க போவேன்?" என்றாள் அம்மா.

"நீயும் வாம்மா."

அம்மா இருவரையும் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள். பிறகு இளையவள் உட்கார்ந்திருந்த ஈர இடத்தில் தான் உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சொருகிக்கொண்டு, தண்ணீரில் கையை விட்டாள்.

வாசலில் காவலாளி கதவைத் திறந்துவிட்டார். அந்தப் பெண்கள் இருவரையும் பிறந்தது முதல் அவருக்குத் தெரியும். "பிள்ளை தலைக்குத் துணி போடும்மா, வெயில் கொளுத்துது" என்றார். மூத்தவள் துப்பட்டாவை எடுத்துத் தங்கையின் தலையை மூடிவிட்டு, பஸ் நிற்கும் பக்கமாக நடந்தாள்.