ஏரிக்கரைப் பலகை

கார்த்திகை முதல் மாசி வரை எங்கள் ஏரிக்கரையில் மேளம் அடிக்க மாட்டார்கள். கல்யாண ஊர்வலமே வந்தாலும் புளியமர வளைவில் மேளம் நின்றுவிடும். தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் கூடு கட்டியிருக்கும். சத்தம் கேட்டால் தாய் எழும்பும். அது எழும்பியதும் குஞ்சைக் கொத்தக் காக்கை இறங்கும். இதை யாரும் எழுதி வைத்ததில்லை. நான்தான் எழுதினேன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் காணும் பொங்கலன்று ஒரு வேன் பாட்டை அலறவிட்டுக்கொண்டு கரையில் வந்து நின்றது. இறங்கியவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டபின் வெளியாட்களிடம் நான் பேசியதே இல்லை. அவர்கள் போனபின் மூன்று குஞ்சுகள் தண்ணீரில் மிதந்தன.

அன்று மாலையே கம்பெனிச் சாமான் வந்த மரப்பெட்டியின் பலகை ஒன்றில் தாரால் எழுதினேன்: 'ஏரியில் பறவைகள் கூடு கட்டியுள்ளன. சத்தம் போடாதீர்கள்.' கரையில் வைத்தால் பாட்டோடு வந்த பிறகுதான் படிப்பார்கள். அதனால் தண்டலம் ரோட்டிலிருந்து ஏரிக்கு வழி பிரியும் முனையில் நட்டேன்.

அடுத்த ஞாயிறு நான்கு வேன்கள் வந்தன. எல்லாரும் பலகையைப் பார்த்துத்தான் ஏரிப் பக்கம் வண்டியைத் திருப்பினார்களாம். கரையில் ஆடு மேய்க்கும் கிளியம்மாள் அத்தை என்னிடமே வந்து கேட்டாள்.

"யாருடி அந்தப் பலகய நட்டது? வெத்தல பாக்கு வெச்சு கூப்ட்டா மாதிரி கீது."



மறுநாள் விடிந்ததும் பிடுங்கப் போனேன். பலகையைச் சுற்றி ஈர சிமெண்ட் இருந்தது. பஞ்சாயத்துத் தலைவர் நரசிம்மன் கைலியை மடித்துக்கட்டி, பலகைமேல் சிவப்பு பெயிண்டில் ஏரிப் பக்கம் காட்டும் அம்புக்குறி போட்டுக்கொண்டிருந்தார்.

"யார் எய்தினாங்களோ, நல்லா எய்திக்கிறாங்க," என்றார். "நம்ம ஊருக்கும் ஒரு பேரு வருதில்ல. இன்னாமே, இவ்ளோ காலையில?"

எழுதியது நான், எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். ஒன்றுமில்லை மாமா என்று திரும்பிவிட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு வந்தவர்கள் நல்லவர்கள். பாட்டு வைக்கவில்லை. குழந்தைகளின் வாயில் விரல் வைத்து அடக்கினார்கள். வெகுநேரம் பார்த்தும் பறவைகள் அசையாததால், கேமரா வைத்திருந்தவர் ஒரே ஒருமுறை கை தட்டினார். மரமே எழும்பியது போல நாரைகள் மேலே போயின. குழந்தைகள் சிரித்தார்கள்.

காக்கைகள் இறங்கின.

நான் கழியோடு முழங்கால் தண்ணீர் வரை இறங்கிவிட்டேன். மேலே வட்டமிட்ட நாரைகள் என்னைக் கண்டு இன்னும் விலகின. கரைக்கு ஏறினேன். இரண்டு மூன்று திரும்பி வந்து உட்கார்ந்தன. காக்கை இருந்த கூடுகளுக்கு எதுவும் வரவில்லை. மறுபடி இறங்கினால் உட்கார்ந்தவையும் எழும்பிவிடும்.

கழியைப் பிடித்தபடி கரையிலேயே நின்றேன். பின்னால் இன்னொரு வேன் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது.