காசிக்கும் வடக்கே

1992 வைகாசியில் தி. நகர் கல்யாண மண்டபம் ஒன்றிலிருந்து காசி யாத்திரை புறப்பட்ட மாப்பிள்ளை கிரீஷ், தடுத்து நிறுத்த ஆளில்லாததால் நிஜமாகவே போய்விட்டான். தாலி கட்டுமுன் மாப்பிள்ளை கண்ணுக்கு மையிட்டு, குடையும் விசிறியும் தடியுமாகச் சந்நியாசத்துக்குக் கிளம்புவதும், பெண்ணின் அப்பா வழிமறித்து, 'திரும்பி வாரும், என் பெண்ணைத் தருகிறேன்' என்று அழைத்துவருவதும் எல்லோரும் பார்த்துப் பழகிய நாடகம்தான். அன்று மறிக்கவேண்டிய ஸ்ரீனிவாசராகவன் சமையல்கட்டில் இருந்தார். காப்பி தண்ணியாக இருக்கிறது என்று மாப்பிள்ளையின் பெரியப்பா குறை சொல்லியிருந்தார். பிள்ளை வீட்டார் ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம். அது பெண் வீட்டார் வேலை, நாம் ஓடினால் கௌரவம் என்னாவது என்று நாற்காலியை விட்டு எழவில்லை. நாதஸ்வரக்காரர்கள் பனகல் பார்க் வரை வாசித்துக்கொண்டே கூடப் போய், அடுத்த முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டதால் பஸ் ஏறினார்கள். பெண் ஹம்சா மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மணப்பெண் சத்தம் போட்டுக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது என்பதால் அவளும் கூப்பிடவில்லை.

ஐப்பசியில் காசியில் அவனைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் யாரும் நிறுத்தாததால் மேலே நடந்தான். இமயமலையில் குடை கொஞ்சம் சிரமம் கொடுத்ததாகத் தகவல். ஸ்ரீனிவாசராகவன் அன்றோடு காப்பியை விட்டார். மூன்று வருடத்தில் உயிரையும் விட்டார். ஹம்சாவின் அம்மா அதற்கு முன்பே இல்லை. ஹம்சா நந்தனத்தில் பேங்க் வேலைக்குப் போனாள், மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பினாள், ஒரு டம்ளர் அரிசி வைத்துச் சாப்பிட்டாள். விசேஷங்களில் அவளைக் கல்யாணமானவர்களோடு உட்காரவைப்பதா, ஆகாதவர்களோடா என்று தெரியாமல், அழைப்பதையே விட்டுவிட்டார்கள். தனிமைதான், வேறு பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது. அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். அவன் தன்னைப் பிடிக்காமல் போனானா, தடுக்க ஆளில்லாமல் போனானா?

1998 ஐப்பசியில், கப்பலில் ஃபிட்டராக இருக்கும் ராயப்பேட்டை இனாயத் வீடு தேடி வந்தான். நார்வேயின் வடகோடியில் ஒரு தீவுக்கூட்டத்தில் மாப்பிள்ளைக் கோலத்தில் ஒருவரைப் பார்த்தானாம். தமிழில் பேச்சுக் கொடுத்ததும் அவர் மயிலாப்பூர் விலாசத்தைச் சொன்னாராம்; கால் மட்டும் நிற்கவில்லையாம். "கடலுக்கு மேலயே நடந்து வந்துட்டாருன்றாங்க. இப்போ கொடைய புட்சிக்கினு கரையோரமா நடந்துக்கினே கீறாரு. அதுக்கு மேல வடக்கால பூமி இல்லம்மா, அதான் சுத்திச் சுத்தி வர்றாரு" என்றான். ஹம்சா அவனுக்கு மோர் கொடுத்தாள்.

மார்கழியில் லீவு போட்டுக் கிளம்பினாள். பத்ரிக்குப் போனபோது வாங்கிய குரங்குக் குல்லாவைப் பக்கத்து வீட்டு மாமி கொடுத்தாள். போகாதே என்று சொல்ல யாருமில்லை. விமானங்கள், பிறகு படகுகள், ஒவ்வொன்றும் முந்தையதை விடச் சின்னது. கடைசித் தீவில் மரமே இல்லை. நடுப்பகலில் வானம் லேசாக நீலம் காட்டிவிட்டு மறுபடி இருட்டிக்கொண்டது. சூரியன் இனி தையில்தான் என்றார்கள். ஜன்னலுக்கு ஒரு விளக்கு எரிந்தது. அவன் நடக்கிற பாதையில் மட்டும் பனியைத் தள்ளி ஒதுக்கி வைத்திருந்தார்கள். பார்த்துப் பழகிவிட்டதாம்.

மை கலையாமல், பஞ்சகச்சம் கசங்காமல் வந்தான். குடையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. அவள் கூடவே நடந்தாள்.

"அப்பா வரலையா?" என்று கேட்டான்.

"அப்பா தவறிப்போயிட்டார்."

அவள் காற்றுக்குக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"என்னைப் பிடிக்கலைன்னுதான் போனேளா?"

"ஜெமினி வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துண்டேதான் போனேன். ஒருத்தரும் வரலை."

"நான் மாடிலேர்ந்து பார்த்துண்டிருந்தேன். கூப்பிடலை" என்றாள் ஹம்சா. பிறகு, "நில்லுங்கோ" என்றாள்.

அவன் நின்றான். இத்தனை வருடம் நடந்த கால்கள், சொன்ன மாத்திரத்தில் நின்றுவிட்டன. ஆத்துக்குப் போகலாம் வாங்கோ என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவனும் முயன்றான். ஆனால் பாதம் திரும்பவில்லை.

"நில்லுன்னு யார் வேணா சொல்லலாம். திரும்பி வான்னு பொண்ணைக் கொடுக்கறவர்தான் சொல்லணும்" என்றான் அவன். கோபமில்லாமல்தான் சொன்னான். ஹம்சா பனியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவன் குடையைப் பாதி அவள் பக்கம் சாய்த்தான். லீவு முடிகிறவரை அவள் தினமும் அங்கே போய் உட்கார்ந்தாள். பேங்க் சமாசாரம், பஸ் கூட்டம் எல்லாம் சொன்னாள். அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். பிறகு அவள் தனியாகத் திரும்பி வந்தாள். அவனுக்குக் காற்று படாமலிருக்கத் தீவுக்காரர்கள் மூன்று பக்கம் பலகை அடித்துக் கொடுத்தார்கள்.

அடுத்த வருடம் மார்கழியில் மயிலாப்பூர் வீடு பூட்டியிருந்தது. பால் பாக்கெட் போடுகிறவர் பக்கத்து வீட்டில் விசாரித்தார்.

"பேங்க்கு அம்மா ஊர்ல இல்லீங்களா?"

மாமி கோலத்திலிருந்து நிமிரவில்லை. "ஆத்துக்காரரைப் பார்க்கப் போயிருக்கா. தை பொறந்தப்பறம் போடு" என்றாள்.