பஸ்யூனி ஃபெஸீக் சாப்பிடாத திருநாள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் என் செல்வங்களே, எகிப்தின் டமியட்டா ஊர் டாக்டர் இனாஸின் மனசுக்குள் ஒரு மத்தியானம் என்னவெல்லாம் ஓடியது என்று சொல்கிறேன், சிரித்துக்கொண்டே எழுந்து போவீர்கள்.

...அப்பாவுக்கு இமை தொங்குகிறதா, வெயிலுக்குச் சுருக்கிக்கொள்கிறாரா, தொங்கத்தான் செய்கிறது, இரண்டு பக்கமும். வசந்தத் திருநாள், நைல் கரைப் புல்வெளி முழுக்கப் பாய்கள், சாயமேற்றிய முட்டைகள், வெங்காயத் தாள், ஃபெஸீக் என்கிற ஊறிய உப்பு மீனின் நாற்றம், அந்த நாற்றத்தில் ஊரே சொக்கிக் கிடக்கிறது, அப்பா பஸ்யூனி மட்டும் தட்டைத் தள்ளிவிட்டார். ஃபெஸீக் வேண்டாமென்ற பஸ்யூனியை யாராவது பார்த்ததுண்டா? அம்மா இறந்த வருஷம்கூட அழுதுகொண்டே இரண்டு மீன் தின்றவர்... நேற்றுச் சாயங்காலம் கடையில் வாங்கும்போதே ருசி பார்த்தாராம், தம்பி வஜீஹ் சொன்னான். கெட்ட மீனின் நஞ்சு தலைகாட்டுகிற நேரம் இதுதானே, முதலில் இமை, அப்புறம் நாக்கு, தொண்டை, மூச்சு... கல்லூரியில் வைத்தியத்தை ஆங்கிலத்தில்தான் சொல்லித்தந்தார்கள், அரிய நோய் எதுவானாலும் பாடத்தின் கடைசி வரி ஒன்றுதான், ‘ஹை இண்டெக்ஸ் ஆஃப் சஸ்பிஷன்’, சந்தேகத்தின் அளவை உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு உயரம், எதில் அளப்பது? காய்ச்சலுக்கு இருக்கிற மாதிரி சந்தேகத்துக்கும் ஒரு கருவி இருக்கிறதா என்ன? நோயைக் கண்டுபிடித்தவர் தனக்கு அந்தச் சந்தேகம் இருந்தது என்று எழுதுவார், கோட்டைவிட்டவருக்கு அது இல்லை என்று மற்றவர்கள் எழுதுவார்கள். நினைத்துப் பார்க்காத நோய் கண்ணில் படாது என்பதைத்தான் இவ்வளவு கம்பீரமாகச் சொல்கிறார்களோ... போன வருஷம் இதே திருநாளில், கூட வேலை பார்க்கிறவன் இமை தொங்க வந்த ஒரு மனிதரிடம் தூக்கக் குறைச்சல், போய்ப் படுங்கள் என்றான், மறுநாள் அவர் மூச்சு யந்திரத்தோடு கிடந்தார். மருந்தைச் சீக்கிரம் ஏற்றினால்தான் ஆச்சு. கார்ச் சாவி எங்கே?

“பாபா, வாயைத் திறங்க.” “எப்போ பல் டாக்டர் ஆனே?” வார்த்தை குழைகிறது, ஐயோ, குழையத்தான் செய்கிறது. “எதுக்கு இவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?” “வாய் காயுது.” “ஆள் ரெண்டு ரெண்டாத் தெரியுதா?” “உன்னை ஒருத்தியையே சமாளிக்க முடியல.” வஜீஹ் முட்டையை உரித்தபடி, “திருநாள்னா இவளுக்கு யாரையாவது ஆஸ்பத்திரிக்கு இழுக்கணும், இந்தத் தடவை உங்க முறை பாபா” என்றான். கைபேசி வெளிச்சத்தைக் கண்ணில் அடித்தாள், கண்பாவை சட்டென்று சுருங்கியது, நல்ல அடையாளம்தான், ஆனால் ஆரம்பத்தில் இப்படியும் இருக்குமே... “எழுந்திருங்க, காருக்குப் போலாம்.” “கொஞ்சம் பொறு கண்ணு.” “பொறுத்தா மூச்சு நின்னுடும் பாபா.” அவள் குரல் உடைந்ததைக் கேட்டுத்தான் பஸ்யூனி பயந்தார், காதருகே குனிந்தார். “புதுப் பல் கட்டியிருக்கேன், இன்னும் பழகல. ராத்திரி பூரா தூக்கமில்ல. மீன் தின்னா வாய் நாறுமில்ல... மருந்துக்கடை மதாம் இஹ்ஸான் வரேன்னாங்க. இன்னைக்குக் கேட்டுடலாம்னு.” “என்ன கேக்கப் போறீங்க?” “கேக்கறதுக்கு வேற என்ன இருக்கு?”

அப்படியும் விடவில்லை, என் விரலை இறுக்குங்க, தலையைத் தூக்குங்க, ஒரு மடக்கு விழுங்குங்க, எல்லாவற்றிலும் குதிரைமாதிரி திடமாக இருந்தார், இனாஸ் பாயில் சரிந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அப்போதுதான் மதாம் இஹ்ஸான் ஊறவைத்த துர்முஸ் பருப்புக் கிண்ணத்தோடு வந்தார், வாயைக் கையால் மூடியபடி, “மன்னிக்கணும் ஹாஜி, வீட்டுலயே ரெண்டு ஃபெஸீக் முடிச்சிட்டேன், தள்ளியே உக்கார்றேன்” என்றார். பஸ்யூனி தட்டை இழுத்துப் பெரிய மீனாகப் பார்த்து எடுத்தார், புதுப் பல் நழுவ நழுவக் கடித்தார். ரத்த அழுத்த மாத்திரையை மாசத்துக்கு மொத்தமாக வாங்காமல் இரண்டு நாளைக்கொரு முறை அந்தக் கடைக்கு நடந்தாரே, கஞ்சத்தனம் என்று சண்டை போட்டேனே... அம்மாவுக்குப் பிறகு பாயில் அப்பாவின் வலப்பக்கம் யாரும் உட்காருவதில்லை, யாரும் சொல்லி வைத்த வழக்கமில்லை. அங்கே இருந்த கூடையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள் இனாஸ், அந்த இடத்தை மதாமுக்குக் காட்டினாள், சந்தோஷமா, வேறு ஏதாவதா, தெரியவில்லை, கூடை கனமாகவும் இல்லை...

உங்கள் வீட்டுப் பாயிலும் வருகிறவர்களுக்கு இடம் இருக்கட்டும் செல்வங்களே, அடுப்பு அணையாமல், பிள்ளைகுட்டிகள் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.