ரோமாபுரிப் படத்தில் ஆட்கள்

தோல் வாங்க வரும் இத்தாலிக்காரர் கொடுத்த படம் அது. இருநூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஓர் ஓவியர், ரோமாபுரியில் இடிந்து கிடந்த பழங்கால மண்டபத்தைப் பார்த்து மையால் வரைந்ததாம். அதன் நகல். வெறும் கல்லும் செடியும்தானே என்று தோல் பதனிடும் எங்கள் ஆம்பூர் டேனரியின் அலுவலக அறையில் நான்தான் மாட்டினேன். மதியத் தொழுகையும் அங்கேதான்.

போன திங்கட்கிழமை ஃபினிஷிங் பிரிவு மக்பூல் அகமது படத்தருகே போய் உற்றுப் பார்த்தார்.

"முனீர் பாய், இன்னா இது? வளைவுக்குக் கீழ ஆளுங்க நிக்கிறாங்க. உருவம் இருக்கிற எடத்துல எப்படித் தொழறது?"

எறும்பளவில் நான்கு பேர். எனக்கு எரிச்சலாக வந்தது. படத்தை எடுத்தால் முதலாளி கேட்பார்; எடுக்காவிட்டால் மக்பூல் விடமாட்டார். சட்டத்தைப் பிரித்து, தோலுக்குப் பூசும் கறுப்புச் சாயத்தால் நால்வரையும் மறைத்தேன்.

மறுநாள் தொழுகை முடிவில் ஸலாம் கொடுக்கத் தலையைத் திருப்பியபோது, வலப்புறச் சுவரில் இருந்த படத்தில் ஐந்தாவதாக ஓர் ஆள் தெரிந்தான். மண்டபத் தரையில் ஒரு பள்ளம். அதற்குள் ஒரு காலை வைத்துக் குனிந்து இறங்குகிறான். துரைசாமி அப்படித்தான் இறங்கினான்.

போன மாதம் கழிவுத் தொட்டிக்குள் விஷவாயு தாக்கிச் செத்தவன் துரைசாமி. நான் அவனுடைய மேற்பார்வையாளன். யாரும் சொல்லாமல் அவனாகவே இறங்கினான் என்று விசாரணைக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். ஐந்தாவது ஆளையும் சாயத்தால் மூடினேன். அவசரத்தில் மேசையெல்லாம் சிந்தியது. பயம்தான், வேறென்ன?

அன்று பிற்பகலே துரைசாமியின் மனைவி அமிர்தவள்ளி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பாய், நாளைக்கு ஆபீசருங்க என்னை விசாரிக்கிறாங்க. அவரு பயந்த மனுசன். கெணத்தைக்கூட எட்டிப் பாக்க மாட்டாரு. அவரா எறங்குனாருன்னா புள்ளைங்ககிட்ட நான் இன்னான்னு சொல்றது? நீங்க சொன்னா நம்பிக்கிறேன். அவராவா எறங்குனாரு?"

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் தயாராக இருந்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் படத்தின் பக்கம் திரும்பினேன். அவளும் பார்த்தாள், கிட்டே போனாள்.

"ஆளுங்களை எல்லாம் அழிச்சிட்டு இவரை மட்டும் ஏன் பாய் உட்டு வெச்சீங்க?"

"யாரை?"

"தோ, பள்ளத்துக்கு மேல நிக்கிறாரே. உள்ள எறங்குன்னு கையைக் காட்டிக்கினு."

நான் பார்த்தேன். அங்கே சாயத்தைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை.

"அது நான்தாம்மா," என்றேன். "நான்தான் எறங்கச் சொன்னேன்."