பெட்டியில் போன அவரை

தபாலில் வந்த விதை முளைக்காமல் போனால் யாரைத் திட்டுவது என்று தெரியாது. இந்தப் பொழுதுபோக்கில் உள்ள பெரிய கஷ்டமே அதுதான். காசு கொடுத்து வாங்கின விதை என்றால் கடைக்காரனைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம். இது சும்மா வந்தது. சும்மா வந்ததைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

கண்ணாடிக்கடைக்காரருக்கு அன்று காலையில் வந்த உறையும் அப்படித்தான் இருந்தது. தபால் மூட்டையில் நசுங்கி, மூலை கிழிந்து, கீரை விதையில் பாதி வழியிலேயே சிந்திப்போய், மிச்சம் ஒரு சிட்டிகைதான் கடைக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியவர் மருந்துக்கடை அக்கா. மூக்குக்கண்ணாடியின் குட்டித் திருகாணியை எடுக்கும் இடுக்கியால் இவர் அந்த விதையைப் பொறுக்கினார். லென்ஸ் வரும் சின்னக் காகித உறை ஒன்றில் போட்டு மடித்தார். சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுபோய் மேஜை இழுப்பறைக்குள் தள்ளினார். தள்ளிய கையோடு போனை எடுத்து, "அருமையான விதை அக்கா, ரொம்ப நன்றி" என்று குழுவில் எழுதினார். முளைக்கும் முன்பே எப்படி அருமை என்று தெரிந்தது என்று கேட்கக்கூடாது. அந்தக் குழுவில் அதுதான் மரியாதை.

அது விதை மாற்றிக்கொள்ளும் குழு. ஆளுக்கொரு ஊர். நேரில் பார்த்துக்கொண்டவர்கள் குறைவு. மருந்துக்கடை அக்கா, வக்கீல் அண்ணன், பூசணி மேடம் என்று தொழிலோ காயோதான் எல்லாருக்கும் பெயர். குழுவுக்குத் தலைவர் கத்திரி சார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். முழங்கை நீளத்துக்கு ஒரு கத்திரிக்காய் வைத்திருந்ததால் அந்தப் பெயர். தனித்தனி உறைகள் போதாதென்று அவர் ஒரு பெட்டியையும் சுற்றில் விட்டிருந்தார். அறை அறையாகத் தடுத்த பிளாஸ்டிக் பெட்டி. பார்சலில் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும். வேண்டியதை எடுத்துக்கொண்டு, தன்னிடம் இருப்பதைப் போட்டு, அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். ஒரு சுற்று முடிய வருஷக்கணக்கில் ஆகும். பெட்டியில் போட்ட ஒவ்வொருவரையும் பேர் சொல்லிப் புகழ்ந்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்பது யாரும் எழுதி வைக்காத சட்டம்.

இப்போது அந்தப் பெட்டியில்தான் கண்ணாடிக்கடைக்காரரின் மானம் இருந்தது.

விஷயம் அவருடைய மாமனாரிடம் தொடங்குகிறது. மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதுகூட நடுவழியில் நிற்பவரைப் பார்த்து ஹாரன் அடிக்கிற பார்வை. மாப்பிள்ளைக்கும் அவருக்கும் கல்யாணம் ஆன நாளிலிருந்தே ஒத்துப்போகவில்லை. சண்டையெல்லாம் இல்லை, பேசுவதற்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். மாப்பிள்ளை மாடி பால்கனியில் தொட்டி வைத்திருப்பது தெரிந்ததும் ஒருநாள் தன் அவரை விதையில் ஒரு கைப்பிடி கொடுத்தார். பச்சைக் காய், ஓரத்தில் மட்டும் சிவப்புக் கோடு. பார்க்க ஒன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் அதைப் போலக் காய்க்கும் கொடி கிடையாது. பெண்ணைக் கொடுக்கும்போதுகூட அவர் அவ்வளவு யோசிக்கவில்லை, அந்த விதையைக் கொடுக்கும்போது உள்ளே போய் வந்து, போய் வந்து, மூன்று தடவை யோசித்தார்.

அதிலிருந்து இருவருக்கும் பேச ஒரு விஷயம் கிடைத்தது. போன் வந்தால், "அவரை எப்படி இருக்கு மாப்பிள்ளை?" என்பார். "நல்லா இருக்கு மாமா, உங்களுது?" என்பார் இவர். "இங்க காய்ச்சுத் தள்ளுது" என்பார் அவர். பிறகு போன் மகள் கைக்குப் போய்விடும்.

முதல் வருஷம் நன்றாகத்தான் காய்த்தது. விதை எடுத்த நேரத்தில் பெட்டியும் வந்து நின்றது. பெட்டியில் இவருக்கு அதுதான் முதல் முறை. கஞ்சன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாதே என்று எடுத்த விதை அத்தனையையும் உறை உறையாக மடித்து அதில் போட்டார். கொடிதான் இருக்கிறதே என்ற தைரியம். அடுத்த மாதம் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்கள், பிரஷ் கழுவிய தண்ணீரையெல்லாம் அந்தத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போனார்கள். கொடி கருகியது. அடுத்த போனில் மாமனார் கேட்டார். இவர் வாய் தானாக, "நல்லா இருக்கு மாமா" என்றது. ஒருதரம் சொன்னபின் திரும்பி வர வழியில்லை. இரண்டு வருஷமாக அந்தச் செத்த கொடி போனில் மட்டும் செழித்துக்கொண்டிருந்தது.

இப்போது மாமனாருக்குக் கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். பார்வை தெளிந்ததும் மகள் வீட்டில் பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லிவிட்டார். வேறு எதைப் பார்க்க வருகிறாரோ இல்லையோ, அவரையைப் பார்க்காமல் போக மாட்டார்.

கண்ணாடிக்கடைக்காரர் வெட்கத்தை விட்டுக் குழுவில் கேட்டார். என்னுடைய அவரை விதை யாரிடமாவது இருந்தால் கொஞ்சம் அனுப்புங்கள் என்றார். பதிலுக்குக் குறைவே இல்லை. அப்படி ஒரு அவரையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார் கத்திரி சார். வீட்டில் வேறு காயே தொடுவதில்லை என்றார் பூசணி மேடம். மதில் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது என்றார் வக்கீல் அண்ணன். விதை மட்டும் ஒருவரிடமும் இல்லை. ஒருவர் வீட்டில் எலி தின்றுவிட்டது. ஒருவர் வீடு மாறிவிட்டார். ஒருவர் ருசி தாங்காமல் முற்றவிடாமலே பறித்துச் சாப்பிட்டுவிட்டார். இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரெல்லாம் காய்க்கிற கொடியில் ஒரு காயைக்கூட முற்றவிடவில்லையா இந்த ஜனங்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாருக்கும் நன்றி எழுதினார்.

மிஞ்சியது பெட்டிதான். யாராவது திருப்பி நாலு விதையைப் போட்டிருக்கலாம். சுற்று முடிந்து பெட்டி கடைசியாக வக்கீல் அண்ணனிடம் இருந்தது, அடுத்து இவர். அனுப்பிவிட்டேன் என்றார் வக்கீல். தபால் ஆபீஸில் கேட்டால் வரும்போது வரும் என்றார்கள். தினமும் கடையைப் பூட்டிக்கொண்டு போய்க் கேட்டார். கவுன்டரில் இருந்த அம்மாள் இவரைக் கண்டதுமே உதட்டைப் பிதுக்கப் பழகிக்கொண்டார்.

பெட்டி வருவதற்கு முன்பே மாமனார் வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடியோடு வந்தவர் மகள் நீட்டிய தண்ணீரைக்கூட வாங்காமல் நேரே பால்கனிக்குப் போனார். அங்கே வெறும் மண் நிரம்பிய தொட்டி இருந்தது. மாப்பிள்ளை இரண்டு நாளாகத் தயார் செய்து வைத்திருந்த பொய் ஒன்றும் வாயில் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

மாமனார் முக்காலியில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து கழுவிக் காயவைத்த மருந்துப் புட்டி ஒன்றை எடுத்தார். காலி.

"விதை வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன் மாப்பிள்ளை."

"உங்ககிட்டதான் காய்ச்சுத் தள்ளுதே மாமா."

"எங்க தள்ளுது? கண்ணெல்லாம் ஒரே புகை. கடைசியா இருந்த விதையப் போட்டு, முளைச்சும் வந்துச்சு. களைன்னு நெனச்சு என் கையாலயே பிடுங்கிட்டேன். பக்கத்து வீட்டுப் பொண்ணு சொல்லித்தான் தெரியும். உங்ககிட்ட இருக்கேன்னு ஒரு தைரியத்துல இருந்தேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தார்கள். மகள்தான் தண்ணீர்ச் செம்போடு நின்று இருவரையும் முறைத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் இத்தன வருஷத்துல பேசினதே இந்த ஒரு விஷயம். அதையும் பொய்யாத்தான் பேசினீங்களா?"

அன்று மாமனார் சரியாகச் சாப்பிடவில்லை. மனசு கேட்காமல் மாப்பிள்ளை குழுவில் வந்த புகழ்ச்சியையெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டினார். கேட்கக் கேட்கக் கிழவரின் முதுகு நிமிர்ந்தது. மதில் தாண்டிப் போன கொடியை மட்டும் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். நம்மிடம் இல்லாவிட்டால் என்ன, ஊரெல்லாம் இருக்கிறதே என்றார். பெட்டி வந்துவிடட்டும் என்று அவரும் சேர்ந்து தபால்காரருக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். இப்போது தபால் ஆபீஸில் கவுன்டர் அம்மாளைத் தொந்தரவு செய்ய இரண்டு பேர்.

ஒருவழியாகப் பெட்டி வந்தது. கூடத்தில் மேஜைமேல் வைத்துப் பிரித்தார்கள். கண்ணைப் பறிக்கும் விதைகள் இருந்த அறைகளெல்லாம் துடைத்து வைத்ததுபோலக் காலி. கடையில் வாங்கின தக்காளியிலிருந்து எடுத்த விதையும் துளசி விதையும் மிஞ்சியிருந்தன. மூலை அறையில் லென்ஸ் உறைகள் வரிசையாக நின்றன. கண்ணாடிக்கடைக்காரர் தன் கையால் மடித்து, தன் கையால் அடுக்கியவை. ஒன்றின் மடிப்புகூடக் கலையவில்லை. வீடு வீடாகப் போய், எந்த வீட்டிலும் உள்ளே கூப்பிடாமல், போன மாதிரியே திரும்பி வந்திருந்தன.

"ஒருத்தர்கூட எடுக்கலையா?" என்றார் மாமனார்.

கிழவர் எழுந்து உள்ளே போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் பஸ் ஓட்டிய மனிதர் அப்படிச் சுருண்டு படுத்ததைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை. போனை எடுத்தார். எலி, மதில், ருசி, வீடு மாறியது என்று ஒவ்வொருவர் சொன்ன பொய்யையும் பேர் பேராக எழுதி, மனுஷங்களா நீங்கள் என்று முடித்தார். அனுப்பப் போகும்போது மனைவி வந்து மேஜை இழுப்பறையைப் பிடித்து இழுத்தாள். அது நிரம்பி வழிந்து திறக்க மறுத்தது. காலை ஊன்றி வெடுக்கென்று இழுத்தாள். உறைகள் தரையெல்லாம் கொட்டின.

"இதுல எத விதைச்சீங்க? கத்திரி சாரோட கத்திரிக்காயப் பாத்து ஊரே கண்ணு போடுதுன்னு எழுதினீங்களே, அது எங்க காய்ச்சுது?"

அவர் குனிந்து பார்த்தார். கத்திரி சார் அனுப்பிய உறை ஒட்டிய பசை பிரியாமல் காலடியில் கிடந்தது. அதன் மேலேயே மருந்துக்கடை அக்காவின் கீரை. சத்தம் கேட்டு எழுந்து வந்த மாமனார் வாசற்படியில் நின்று, புதுக் கண்ணால் அந்தக் குவியலை வெகுநேரம் பார்த்தார்.

"இதெல்லாம் எந்தெந்த வீட்டு மாமனார் குடுத்ததோ" என்றார்.

கண்ணாடிக்கடைக்காரர் எழுதியதை அழித்தார். வேறு எழுதினார். நீங்கள் கொடுத்த விதை எதையும் நான் விதைக்கவில்லை, விதைத்ததாகச் சொன்னது பொய், எல்லாம் பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது, யாராவது தங்கள் விதையைத் தொலைத்திருந்தால் கேளுங்கள், அனுப்புகிறேன். தினமும் பூப்படம் போட்டு வணக்கம் சொல்லும் கத்திரி சார்கூட மறுநாள் காலை பூப் போடவில்லை.

மத்தியானம் கடைக்கு ஒரு போன் வந்தது. கத்திரி சார்தான். சுற்றி வளைத்து வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்தக் கத்திரி விதை நெஜமாவே இருக்கா? எங்கிட்ட செடி பட்டுப்போயி ரொம்ப நாளாச்சு. பேரே கத்திரி சார். போச்சுன்னு எப்படிச் சொல்றது?"

இவர் பதிவுத் தபாலிலேயே அனுப்புவதாகச் சொன்னார். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவரையைப் பற்றி மட்டும் சார் ஒரு வார்த்தை பேசவில்லை. இவரும் கேட்கவில்லை.

வீட்டில் மாமனார் சும்மா இருக்கவில்லை. லென்ஸில் கீறல் பார்க்கும் குட்டிப் பூதக்கண்ணாடியைக் கடையிலிருந்து கொண்டுவரச் சொல்லி, பெட்டியில் திரும்பி வந்த அவரை உறைகளை ஒவ்வொன்றாகத் தாளில் கொட்டிப் பார்த்தார். முதல் உறையில் எல்லா விதையும் வண்டு துளைத்து மாவாகியிருந்தது. இரண்டாவதும் அப்படியே. மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டார். எல்லா உறையையும் கொட்டிச் சலித்ததில் தேறியது உள்ளங்கைக்குழியில் அடங்கும் அளவுதான். அதில் பாதியை விதைத்துவிட்டு, மீதியைப் புட்டியில் போட்டுக் கிழவர் தன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

அதன்பின் வீடு வீடாக இல்லை. தண்ணீர் அதிகம் என்று மாமனார் கத்துவார், போதாது என்று மாப்பிள்ளை செம்பைத் தூக்குவார். கிழவர் மண்ணைக் கிளறிப் பார்க்கப் போவார், இவர் கையைப் பிடித்துத் தடுப்பார். முளைக்கவே இல்லை. ஒரு வாரம் தாண்டியும் மண் அப்படியே கிடந்தது. தபாலில் வெந்துபோயிருக்கும், எல்லாம் போச்சு என்று இவர் சொல்லி வாய் மூடவில்லை, அடுத்த நாள் காலையில் பால்கனியிலிருந்து பஸ் ஹாரன் போல ஒரு குரல் கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தார். மாமனார் தொட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரே ஒரு முளை, மண்ணைத் தலையில் சுமந்துகொண்டு வளைந்து நின்றது. கிழவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார். தன் கையை அவரே நம்பவில்லை.

"மாப்பிள்ளை, நீங்களே பாத்துச் சொல்லுங்க. இது அவரைதானே? களை இல்லையே?"

"அவரைதான் மாமா."

"அப்ப விதை முத்துற வரைக்கும் நான் எங்கயும் போறதில்ல."

அவரை முற்றிக் காய அரை வருஷம் ஆகும். இருக்கிறது ஒரு படுக்கையறை, ஒரு கூடம். குறட்டை, டிவி சத்தம், தண்ணீர் தகராறு எல்லாவற்றையும் கண்ணாடிக்கடைக்காரர் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மாமியார் போன் செய்தார். கிழவர் போனைத் தொடவே மறுத்து, மாப்பிள்ளை பேசட்டும் என்று ஜாடை காட்டினார்.

"அவரை நல்லா இருக்கு அத்தை" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"அதத்தான் ரெண்டு வருஷமா சொல்றீங்க" என்றார் மாமியார். "உங்க மாமா எப்ப வருவார்னு சொல்லுங்க."